பாடமா, களியாட்டமா? ஜப்பானில் வயதுவந்தோர் இணைநடனம் பயின்ற வரலாறு (1883–2016)

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானில் வால்ட்ஸ், பாக்ஸ்டிராட், டாங்கோ முதலிய மேலை இணைநடனங்களைக் கற்றவர்களுள் பெரும்பாலோர் வயதுவந்தோர். 1883இல் ரொக்குமெய்கான் மாளிகை திறக்கப்பட்டது முதல், 2016இல் நடனம் ஒழுக்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீங்கியது வரை, இவர்களை மாணவராகக் கொள்வதா வாடிக்கையாளராகக் கொள்வதா என்னும் கேள்வி அரசையும் காவல்துறையையும் நடன ஆசிரியர்களையும் விடாது தொடர்ந்தது. ஒரே நடனம் ஓரிடத்தில் அரச கடமையாகவும் மற்றோரிடத்தில் குற்றத்திற்கு அண்மையதாகவும் கருதப்பட்டமைக்கு, அது கற்பிக்கப்பட்ட இடமும் அதற்குப் பெறப்பட்ட கட்டணமுமே காரணங்கள் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இணைநடனம், ரொக்குமெய்கான், நடனக்கூடம், நடனப்பள்ளி, ஒழுக்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், வயதுவந்தோர் கல்வி.

முன்னுரை

சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன் தொடங்கி யாழாசிரியன் ஈறாக அவளைச் சூழ்ந்து நிற்கும் ஆசான்களின் தகுதிகளை அரங்கேற்றுகாதை விரிவாக உரைக்கிறது. ஆடல் பயில்பவர் என்றவுடன் தமிழில் எழுதுவோர் மனத்தில் எழும் உருவம் பெரிதும் இதுவே: இளம்பருவம், ஆசான், அரங்கு. இதற்கு மறுபுறம் ஆய்ச்சியர் குரவை உள்ளது. கைகோத்து ஆடும் குரவைக்கு ஆசான் வேண்டியதில்லை. ஆயர்சேரியில் பிறந்தவர்க்கு அது சேரியோடு வந்து சேர்வது. இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாமவர் ஒருவர் உண்டு. முப்பது அல்லது நாற்பது வயதில், வேறொரு பண்பாட்டில் தோன்றிய கூட்டாடலை, கட்டணம் செலுத்தி, அடிகளை வாய்விட்டு எண்ணி, மேடையேறும் நோக்கம் சிறிதுமின்றிக் கற்பவர் அவர். நம் நடன ஆய்வுகளில் அவருக்கு இடமில்லை. நடன வரலாறு என்பது ஆடத் தெரிந்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆடத் தெரியாமல் தொடங்கியவர்களைப் பற்றிய சான்றுகள் கலை நூல்களில் குறைவு. சட்டங்களிலும் காவல்துறை விதிகளிலும் கேலிச்சித்திரங்களிலும் மிகுதி.

இத்தகைய சான்றுகளை நோக்க ஜப்பான் மிகப் பொருத்தமான களம். அங்கு இணைநடனம் 'ஷக்கோ டான்சு' எனப்படுகிறது. பிறரோடு பழகுதற்குரிய நடனம் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் பழக்கம் எங்கே முடிகிறது, களியாட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டால் முடிவுசெய்ய இயலவில்லை.

ரொக்குமெய்கான்: அமைச்சர்கள் மாணவராதல்

1858இல் மேலை வல்லரசுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் ஜப்பானின் இறையாண்மையை இரு வகையில் குறுக்கின. ஜப்பானிய மண்ணில் குற்றம் புரிந்த வெளிநாட்டவரை அவரவர் நாட்டுத் தூதர்களே விசாரித்தனர். சுங்கவரியைத் தானே விதிக்கும் உரிமையும் ஜப்பானுக்கு இல்லை. இவ்வொப்பந்தங்களைத் திருத்துவதே மெய்ஜி அரசின் முதன்மை வெளியுறவு நோக்கம். ஜப்பானியர் தம்மோடு ஒத்த நாகரிகத்தினர் என்று ஐரோப்பியர் ஏற்றாலன்றித் திருத்தம் கைகூடாது என வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு கருதினார். அதற்கெனவே ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜோசையா கொண்டர் வடிவமைத்த ஈரடுக்குச் செங்கல் மாளிகை 1883 நவம்பர் 28 அன்று டோக்கியோவில் திறக்கப்பட்டது. சீனத்தின் பழம்பாடல் தொகுப்பொன்றில் வரும் மான்களின் அழைப்பொலியை அதன் பெயர் குறிக்கும். விருந்தினரை வரவேற்றல் என்பது உட்பொருள்.

மாளிகை எழுந்தது, ஆடுவோர் இல்லை. ஐரோப்பிய விருந்தில் உணவுக்குப் பின் நடனம் உண்டு. நடனத்தில் விருந்தளிப்பவர் முதலில் களமிறங்க வேண்டும். அப்போது இனோவேக்கு வயது 47. அவருடைய நெடுநாள் தோழர் இட்டோ ஹிரோபூமிக்கு 42. இவ்விருவரும் 1863இன் தொடக்கத்தில், டோக்கியோவின் கோத்தென்யாமா குன்றில் கட்டப்பட்டுவந்த பிரிட்டிஷ் தூதரகத்திற்குத் தீ வைத்த குழுவில் இருந்தவர்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். இருபதாண்டு இடைவெளியில் அதே கைகள் தூதர்களின் மனைவியர் கைகளைப் பற்றி வால்ட்ஸ் ஆட நேர்ந்தது. வயதுவந்தவர் புதிதாக நடனம் கற்பது என்பது இவர்களைப் பொறுத்தவரை பொழுதுபோக்கன்று; அலுவலின் ஒரு பகுதி.

1884 முதல் மாளிகையில் முறையான நடன வகுப்புகள் நடைபெற்றன. கற்பித்தவர் யான்சோன் என்னும் ஜெர்மானியர். கோமாபா வேளாண்பள்ளியில் கால்நடை மருத்துவம் கற்பிக்க அழைக்கப்பட்டவர் அவர். தலைநகரில் நடன ஆசிரியர்க்கு இருந்த பற்றாக்குறையை இதைவிட நன்றாக வேறெதுவும் காட்டாது. வகுப்பில் உயர்குடி ஆடவரும் மகளிரும் பயின்றனர். அவர்கள் கற்றது அடிவரிசை மட்டுமன்று. கிமோனோவின் குறுகிய எட்டு வைப்புக்குப் பழகிய கால்கள் நீண்டு தாவ வேண்டும். இடைக்கச்சு இறுக்கிய உடலோடு மூச்சுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அயல் ஆடவனின் கை முதுகில் பதிந்திருக்கையில் முகம் மாறாதிருக்க வேண்டும். 1887 சனவரியில் பேரரசி மேலையுடையை மகளிர்க்குப் பரிந்துரைத்து அறிக்கை விடுத்தபோது, வகுப்பறையில் தொடங்கிய உடல்மாற்றம் அரண்மனையின் ஒப்புதலையும் பெற்றது.

ஆடத் தெரிந்த ஜப்பானியப் பெண்கள் சிலரே. அவர்களுள் புகழ்பெற்றவர் ஓயாமா சுதெமாத்சு. 1871இல் பதினோரு வயதுச் சிறுமியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, வாசர் கல்லூரியில் 1882இல் பட்டம் பெற்றுத் திரும்பியவர். ரொக்குமெய்கானின் மலர் என்று அவரைப் பிற்காலத்தார் போற்றினர். 1884 சூனில் அம்மாளிகையில் செவிலியர் பயிற்சிக்கு நிதி திரட்டும் அறக்கொடை அங்காடியை முன்னின்று நடத்தியவரும் அவரே. அவருடைய இயல்பான ஆட்டத்தைக் கண்டோர் அதனைத் தனித்திறமை என்றனர். பதின்பருவத்தை அமெரிக்காவில் கழித்தமையும் ஒரு காரணம் என்பதை அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதே அரசின் தொடக்க ஆண்டுகளில் பல மாவட்டங்களில் போன் ஓதோரி தடைசெய்யப்பட்டிருந்தது. முன்னோர் வழிபாட்டை ஒட்டி ஊரார் வட்டமிட்டு ஆடும் அக்கோடைகால ஆடல், நாகரிகக் குறைவு என்று கருதப்பட்டது. குரவையை ஒத்த ஊராடல் ஒருபுறம் தெருவில் தடுக்கப்பட, மறுபுறம் அமைச்சர்கள் மாளிகையில் வால்ட்ஸ் பயின்றனர்.

லோத்தியின் பார்வையும் அதன் அளவுகோலும்

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எழுத்தாளருமான பியர் லோத்தி 1885இல் இம்மாளிகையின் நடன விருந்தொன்றில் கலந்துகொண்டு, அதனைப் பின்னர்த் தம் பயண நூலில் விவரித்தார். மாளிகை பிரான்சின் சிற்றூர்க் கேளிக்கை விடுதியை நினைவூட்டுவதாகவும், பாரிசு உடையணிந்த ஜப்பானிய மகளிர் பிழையின்றி ஆடினாலும் முடுக்கிவிட்ட பொம்மைகளைப் போல ஆடுவதாகவும் எழுதினார். டோக்கியோவில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிகோ, மேலையுடையணிந்த ஜப்பானிய இணையர் கண்ணாடியில் குரங்குகளாகத் தெரிவதாக வரைந்தார். ரொக்குமெய்கானை வெற்றுப் போலச்செய்தலின் சின்னமாகக் காணும் வழக்கத்திற்கு இவ்விரண்டும் பெருந்துணை புரிந்தன. பிற்கால ஜப்பானிய வரலாற்று நூல்களும் அதே நகைப்பைத் தொடர்ந்தன.

லோத்தி கண்டது பொய்யன்று. அவர் அதற்குத் தந்த விளக்கமே கேள்விக்குரியது. அடிகளை மனத்துள் எண்ணுவது, இசையை ஒரு கணம் பிந்திக் கேட்பது, இணையர் திரும்பிய பின்னரே தான் திரும்புவது, முகத்தை இறுக்கமாக வைத்திருப்பது ஆகியன எந்நாட்டவராயினும் வளர்ந்தபின் கற்கத் தொடங்கிய ஒருவரின் முதலாண்டு அடையாளங்கள். பாரிசின் உயர்குடிக் குழந்தை நடன ஆசிரியரிடம் வால்ட்ஸ் பயிலத் தொடங்கும் வயதில் டோக்கியோவின் சீமாட்டி தேநீர்ச் சடங்கைப் பயின்றுகொண்டிருந்தாள். லோத்தியைத் தேநீர் அறையில் மண்டியிட வைத்திருந்தால் அவரும் பொம்மையாகவே தோன்றியிருப்பார். பயிற்சியின் தொடக்கநிலைக்குரிய தன்மையை இனத்தின் தன்மையாக அவர் படித்தார். அவரைப் பின்பற்றியோரும் அவ்வாறே படித்தனர். வகுப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது என்பதை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

1887 ஏப்ரல் 20 அன்று இட்டோவின் அதிகாரப்பூர்வ இல்லத்தில் நடந்த மாறுவேட நடன விருந்து பெருங்கண்டனத்தை எழுப்பியது. இதற்கிடையே வெளிநாட்டு நீதிபதிகளை ஜப்பானிய நீதிமன்றங்களில் அமர்த்த இசைந்த இனோவேயின் ஒப்பந்த வரைவு அரசுக்குள்ளேயே எதிர்க்கப்பட்டு, அவர் அவ்வாண்டு செப்டம்பரில் பதவி விலகினார். ஒப்பந்தத் திருத்தம் 1894இல் பிரிட்டனோடு கையெழுத்தாகி 1899இல் நடைமுறைக்கு வந்தது. வால்ட்ஸ் அதனை விரைவுபடுத்தியது என்பதற்கும் தாமதப்படுத்தியது என்பதற்கும் சான்றில்லை. ஆயினும் நடனம் பயின்ற அமைச்சர் தோற்றார் என்னும் கதை நிலைத்துவிட்டது. வளர்ந்தவர் நடனம் கற்பது நகைப்புக்கும் ஐயத்துக்கும் உரியது என்னும் எண்ணமும் அதனோடு வேரூன்றியது.

சீட்டு, ஆசிரியர், காவல்துறை

அரசின் கையிலிருந்து நழுவிய இணைநடனத்தை அடுத்து எடுத்துக்கொண்டது சந்தை. யோக்கோஹாமாவின் சுருமிப் பகுதியில் இருந்த காகெத்சுவென் பூங்காவில் 1920இல் திறக்கப்பட்ட கூடம் ஜப்பானின் முதல் வணிக நடனக்கூடமாகக் கருதப்படுகிறது. 1923 செப்டம்பர் நிலநடுக்கம் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்தபின், இசைக்கலைஞரும் ஆடுவோரும் ஒசாக்கா நோக்கிப் பெயர்ந்தனர். ஒசாக்கா அதிகாரிகள் 1927இல் கூடங்களை மூடவைத்ததும், கூடங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டி அமகாசாக்கிக்குச் சென்றன. இசைஞர் பலர் டோக்கியோ திரும்பினர். 1928இல் டோக்கியோ காவல்துறை நடனக்கூடங்களுக்கென்றே தனி விதிகளை வகுத்தது. அடுத்த ஆண்டு அகாசாக்காவில் புளோரிடா என்னும் புகழ்பெற்ற கூடம் திறக்கப்பட்டது.

இக்கூடங்கள் சீட்டு முறையில் இயங்கின. ஆடவர் சீட்டுக் கட்டொன்றை வாங்கி, ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டாகக் கூடத்தில் பணிபுரியும் ஆடல்மகளிடம் தந்து அவளோடு ஆடுவர். ஆடத் தெரிந்தவன் கையில் அச்சீட்டு கேளிக்கைக் கட்டணம். அடி தெரியாதவன் கையில் அதே சீட்டு பாடக்கட்டணமாகவும் ஆகும். காவல்துறையின் ஏட்டில் இவ்வேறுபாட்டைப் பதியும் பத்தி ஏதுமில்லை. இக்கட்டுரையின் மையச் சிக்கல் இச்சிறு தாளிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

கற்பவரின் உள்ளத்தைக் காண இலக்கியத்தையே நாட வேண்டியுள்ளது. 1924இல் நாளிதழில் தொடங்கி, இடையில் நின்று, 1925இல் வேறோர் இதழில் முடிந்த தானிசாக்கி ஜுனிச்சிரோவின் 'சிஜின் நோ ஆய்' புதினத்தின் நாயகன் ஜோஜி மின்பொறியாளன்; சிக்கனமும் ஒழுங்கும் உடையவன். நவோமி என்னும் இளம்பெண்ணை நாகரிகமாக வளர்க்க முற்பட்டு, அவளோடு தானும் ஒரு புலம்பெயர்ந்த ருசியச் சீமாட்டியிடம் நடனம் கற்கச் செல்கிறான். நவோமிக்கு எளிதில் கைவரும் அடிகள் அவனுக்கு வருவதில்லை. அவ்வகுப்பில் அவனைக் கிளர்ச்சியடையச் செய்வது நடனத்தைவிட, வெள்ளைநிறப் பெண் ஒருத்தி தன்னைத் தொட்டு வழிநடத்துகிறாள் என்னும் நினைவே. யோக்கோஹாமாவில் வாழ்ந்த நாளில் மேலைநடனம் பயின்றவர் தானிசாக்கி. கற்கும் ஆடவனின் கூச்சத்தையும் அடிமைமனத்தையும் ஒருங்கே அவர் எழுத முடிந்தமைக்கு அதுவும் காரணமாகலாம். ரொக்குமெய்கானில் நாட்டின் பெயரால் கற்றவர்கள் இவ்வளவு வெளிப்படையாகத் தம்மைப் பார்த்துக்கொள்ளவில்லை.

இதே ஆண்டுகளில் இலண்டனில் நிகழ்ந்த மாற்றமொன்று ஜப்பானிய ஆசிரியர்களின் நிலையைத் திருப்பியது. 'டான்சிங் டைம்ஸ்' இதழாசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன் 1920 மே மாதம் நடன ஆசிரியர்களைக் கூட்டி, போருக்குப் பின் பெருகிய புதிய ஆட்டங்களுக்கு ஒழுங்கு காண முயன்றார். 1924இல் பேரரசு நடன ஆசிரியர் சங்கம் இணைநடனத்திற்குத் தனிப்பிரிவு தொடங்கியது. அடி, நீளம், திருப்பத்தின் அளவு, உடலின் ஏற்ற இறக்கம் ஆகிய அனைத்தும் தேர்வுக்குரிய பாடமாயின. ஆப்பிரிக்க அமெரிக்கரின் ஆடல்களிலிருந்து பெற்ற துடிப்பைச் சமன்படுத்தி, தோளும் இடுப்பும் அசையாத ஆங்கில நடையை இவ்வொழுங்கு உருவாக்கியது. கலை நோக்கில் இது இழப்பே. ஆனால் வளர்ந்தவர்க்குக் கற்பிக்க இதுவே உதவிற்று. இளமையில் ஊரோடு வராத ஆட்டத்தை எழுத்தாலும் எண்ணாலும் மட்டுமே பெற முடியும். 1930களில் ஆங்கில நடை ஜப்பானுக்கு வந்தபோது, தாம் கேளிக்கையாளர் அல்லர், ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள அங்குள்ளோர்க்கு ஒரு பாடத்திட்டம் கிடைத்தது.

அச்சொல் அவர்களைக் காக்கவில்லை. 1933இல் டோக்கியோவில் நடன ஆசிரியர் ஒருவருக்கும் உயர்குடி மகளிர்க்கும் இடையிலான தொடர்புகள் நாளிதழ்களில் வெளியாகிப் பெரும்பரபரப்பாயின. செய்திகளில் ஆசிரியர் என்னும் சொல் நகையுணர்வோடேயே ஆளப்பட்டது. சீனப்போர் முற்றிய பின், 1940 அக்டோபர் 31 இரவோடு டோக்கியோவின் நடனக்கூடங்கள் அனைத்தும் மூடப்பட்டன.

1948: சட்டத்தின் கண்ணில் நடனப்பள்ளி

போர் முடிந்ததும் கூடங்கள் மீண்டும் திறந்தன. ஆக்கிரமிப்புப் படையினர்க்கு மட்டுமன்றி ஜப்பானியர்க்கும். 1948 சூலையில் இயற்றப்பட்ட ஒழுக்கம்சார் தொழில் கட்டுப்பாட்டுச் சட்டம், 'ஃபூயெய்ஹோ' என்று சுருக்கமாக வழங்குவது, இவ்வெழுச்சிக்கு அரசின் மறுமொழி. விருந்துமகளிர் பரிமாறும் உணவகங்கள், பில்லியர்ட்ஸ், மாஜோங் கூடங்கள் ஆகியவற்றோடு, வசதி அமைத்து வாடிக்கையாளரை நடனமாடச் செய்யும் தொழில் முழுவதையும் அது உரிமத்துக்கு உட்படுத்தியது. பரத்தமைக்கும் சூதாட்டத்துக்கும் வழிவகுக்கும் இடங்கள் என்பது பட்டியலுக்கு அடிப்படை.

'வாடிக்கையாளரை நடனமாடச் செய்தல்' என்னும் தொடரின் அகலம் நோக்கத்தக்கது. நடனப்பள்ளியும் அதனுள் அடங்கியது. ஒருவர்க்கு அடி கற்பிக்க அவரை ஆடச்செய்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் பெற்றால் அது தொழில். ஆகவே ஆசிரியர் மாவட்டப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும். பில்லியர்ட்ஸ் 1955இல் பட்டியலிலிருந்து நீங்கியது. நடனப்பள்ளி மேலும் நாற்பதாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது.

அடுத்த ஆண்டு, 1949இல், சமூகக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்தோறும் தொடங்கப்பட்ட 'கோமின்கான்' என்னும் குடிமக்கள் மன்றங்களுக்கு அது அடித்தளமிட்டது. தையல், பூவமைப்பு, ஹைக்கூ ஆகியவற்றோடு இணைநடனக் குழுக்களும் காலப்போக்கில் இம்மன்றங்களில் இடம்பெற்றன. இங்கு ஈட்டம் நோக்கமன்று என்பதால் ஒழுக்கச் சட்டம் எட்டவில்லை. ஆகவே ஓய்வுபெற்ற ஒருவர் செவ்வாய்க்கிழமை மன்றத்தில் ஆடிய வால்ட்ஸ் சமூகக் கல்வி. அவரே வியாழக்கிழமை நிலையத்தருகே உள்ள பள்ளியில் கட்டணம் செலுத்தி ஆடிய அதே வால்ட்ஸ் ஒழுக்கம்சார் தொழில். கையின் பிடியும் இசையின் வேகமும் இரண்டிடத்தும் ஒன்றே. இரு சட்டங்களும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை என்பது இம்முரணை மேலும் கூர்மையாக்குகிறது.

இச்சட்டம் விளைத்த மற்றொன்று, இக்கட்டுரையின் நோக்கில் மிக முதன்மையானது. உரிமம் பெற்ற இடங்களில் 18 வயதுக்குட்பட்டோரை வாடிக்கையாளராக அனுமதித்தல் கூடாது என்னும் விதி நடனப்பள்ளியையும் தழுவியது. அதாவது, குழந்தைகள் பாலே பயிலலாம். வால்ட்ஸ் பயில வேண்டுமானால் வளர்ந்தாக வேண்டும். ஜப்பானிய இணைநடனப் பள்ளி வயதுவந்தோரின் வகுப்பறையாகவே இருந்தமைக்கு விருப்பம் மட்டும் காரணமன்று. மாதவியின் வயதில் கற்பதைச் சட்டமே மூடிவிட்டிருந்தது.

நாற்பத்திரண்டு வயதுக் கணக்கர்

சுவோ மசாயுக்கி இயக்கி 1996 சனவரியில் வெளிவந்த 'ஷல் வி டான்ஸ்?' இப்பின்புலத்தில் பார்க்கத்தக்க படம். யாகுஷோ கோஜி ஏற்ற சுகியாமா என்னும் கணக்குப்பிரிவு அலுவலருக்கு வயது 42. (ரொக்குமெய்கான் திறந்த நாளில் இட்டோவுக்கும் அதே வயது என்பது தற்செயலே, எனினும் குறிப்பிடாதிருக்க மனமில்லை.) கடன்வாங்கிக் கட்டிய வீடு, மனைவி, மகள் என எல்லாம் அமைந்தவர். மாலை இரயிலிலிருந்து நடனப்பள்ளியின் சன்னலில் நிற்கும் பெண்ணைக் கண்டு, ஒருநாள் இறங்கிப் படியேறுகிறார். அங்கே அவருக்குப் பாடம் நடத்துபவர் அப்பெண்ணல்லர், நடுவயது ஆசிரியை. உடன் பயில்வோர் இருவர், இருவருக்கும் தத்தம் கூச்சங்கள்.

படம் முழுவதும் நகைச்சுவைக்கு அடியில் ஓடுவது மறைப்பு. அவர் மனைவியிடம் சொல்வதில்லை. சட்டையில் நறுமணம் கண்டு அவள் துப்பறிவாளரை அமர்த்துகிறாள். பொய்முடி அணிந்து இலத்தீன் நடனம் ஆடும் அலுவலகத் தோழர் அதனைத் தன் மற்றொரு வாழ்வாகவே வைத்திருக்கிறார். திருட்டைப் போல ஒளிக்கப்படும் செயல் வாரம் ஒருமுறை அடி எண்ணிப் பழகுதல் மட்டுமே. இந்த ஒளிப்பைத் தனிமனிதக் கூச்சம் என்று விமர்சகர் பலர் படித்தனர். மேற்கண்ட சட்ட வரலாற்றை அறிந்து பார்த்தால், அப்பள்ளி சட்டப்படி எந்த வகைக் கூடங்களோடு ஒரே பட்டியலில் இருந்தது என்பது புரியும். சுகியாமாவின் கூச்சம் அரசு எழுதிவைத்த ஒன்று.

அலுவலக மேசைக்கடியிலும் இரயில் மேடையிலும் அவருடைய கால்கள் தாமாக அடி பழகும் காட்சிகள், லோத்திக்கு நூறாண்டு கழித்து வந்த மறுமொழி என்று படுகிறது. அதே விறைப்பு, அதே எண்ணுதல். ஆனால் கேமரா மாணவனின் பக்கம் நிற்கிறது. போட்டியில் மகளின் குரல் கேட்டுத் தடுமாறி அவர் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவதையும் படம் தோல்வியாகக் காட்டுவதில்லை.

சான்றிதழும் அதன் பின்னும்

1998இல் சட்டம் திருத்தப்பட்டு, உரிய தகுதி பெற்ற ஆசிரியர் கற்பிக்கும் நடனப்பள்ளிகள் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. திரைப்படமே இதற்குக் காரணம் எனல் மிகை; ஆசிரியர் அமைப்புகள் நெடுங்காலம் கேட்டுவந்த மாற்றம் இது. படம் மக்கள் மனநிலையை இளக்கியிருந்தது என்னும் அளவில் நிறுத்தலாம்.

ஆனால் இவ்விலக்கு நடனத்துக்கு அளிக்கப்பட்டதன்று, சான்றிதழுக்கு அளிக்கப்பட்டது. ஆங்கில நடையை அடிப்படையாகக் கொண்ட அமைப்புகளின் தேர்வில் தேறியவர் ஆசிரியர். மற்றவர் வாடிக்கையாளரை ஆடச்செய்யும் தொழிலர். சால்சாவும் அர்ஜென்டினா டாங்கோவும் கற்பிப்போர், தாம் கற்பிக்காத வால்ட்ஸின் தேர்வை எழுதினாலன்றி ஐயத்துக்குரியோராகவே இருந்தனர். துறைமுகக் குடியிருப்புகளில் பிறந்து, ஆடவர் ஆடவரோடு பழகிக் கற்ற டாங்கோவைக் கற்பிக்க இலண்டன் பாடத்திட்டத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. தகுதி வழங்கும் அமைப்புகளின் பட்டியல் 2012இல்தான் விரிவாக்கப்பட்டது. 1948க்குப் பின் ஐம்பதாண்டு மதிப்புக்காகப் போராடிய ஆசிரியர்கள் அதனைப் பெற்றபோது, வாயிலைத் தம் பின்னால் சாத்திக்கொண்டார்கள் என்று கூறுவது சற்றுக் கடுமையாயினும் உண்மைக்கு அப்பாற்பட்டதன்று.

சட்டத்தின் முரண் வெளிப்பட்ட மாதம் 2012 ஏப்ரல். புதிய பாடத்திட்டப்படி நடுநிலைப் பள்ளிகளின் முதலிரண்டு ஆண்டுகளில் உடற்கல்வியின் பகுதியாக நடனம் கட்டாயமாக்கப்பட்டது அம்மாதத்தில்தான். அதே மாதம் ஒசாக்காவில், உரிமமின்றி வாடிக்கையாளரை ஆடச்செய்ததாக நூன் என்னும் இசையரங்கில் காவல்துறை நுழைந்தது. பள்ளிச் சிறுவர் ஆடியே தீரவேண்டும். வளர்ந்தவர் ஆடினால் உரிமையாளர் கைது. நடனச் சுதந்திரம் கோரும் மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2014 ஏப்ரலில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம் அரங்கின் உரிமையாளரை விடுவித்தது. மேல்நீதிமன்றங்களும் அதனை உறுதிசெய்தன.

2015இல் நிறைவேறி 2016 சூன் 23 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், கட்டுப்பாட்டுக்கு அடிப்படை என்னும் நிலையிலிருந்து நடனத்தை நீக்கியது. இன்று இரவுநேர அரங்குகளுக்குச் சட்டம் அளப்பது மதுவையும் நேரத்தையும் வெளிச்சத்தையும். வெளிச்சத்துக்கு எல்லை 10 லக்ஸ். நடனப்பள்ளி என்னும் சொல் அச்சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. கற்பவரின் வயதையும் அது கேட்பதில்லை. ஆசிரியர் அமைப்புகள் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகள் இன்றும் தொடர்கின்றன. அச்சான்றிதழைக் காட்டும்படி இனிக் காவல்துறை கேட்காது. புதிதாகப் படியேறி வரும் நாற்பது வயதினர் கேட்கக்கூடும்.